தடைசெய்த வலை கப்பலில் வருகிறது

வெள்ளி இரவு.

இன்று மீனவர் சங்கக் கூட்டத்தில் நான், மகள் மேரி, மருமகன் அந்தோனி, கடற்றொழில் அதிகாரி, சங்கத்தார் எல்லோரும் இருந்தோம். தங்கூசி வலை பிளாஸ்டிக், உக்காது, பாவித்தால் வழக்கு என்றார் அதிகாரி.

"அப்ப அதை ஏன் கப்பலில இறக்க விடுறியள் தம்பி?" என்று கேட்டேன்.

"இறக்குமதி வேற அமைச்சு அம்மா. வலையோட ஆளைப் பிடிக்கிறதுதான் எங்கட வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையால் இறால் தடவிப் பிடிக்கும் கடலோரக் களப்புத் தண்ணீரின் அடியெல்லாம் அறுந்த வலை. இறாலுக்குப் பதில் அதுதான் விரலில் மாட்டுகிறது. போன மாரியில் பாதர் தீர்த்தம் தெளித்த தங்கூசி வலையைக்கூட, கிழிந்ததும் அந்தோனி களப்பிலேயே வெட்டிப் போட்டான். கண்ணால் கண்டதைச் சொன்னேன்.

"மாமிக்கு மறதி, சேர்" என்றான் அந்தோனி அதிகாரியிடம்.

வலை இனியும் வரும். களப்பு போய்விட்டது. அமைச்சை நான் எங்கே போய்த் தேடுவது? என் சோற்றைத் தின்றுகொண்டு எனக்கு மறதி என்றவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அந்தோனியை.