வண்டிக்கு டர்போ வைத்தாயிற்று

அன்புள்ள மூத்தவளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நம் டீசல் கார் வீட்டு ஏற்றத்தில் எல்லாரையும் சுமந்து என்றைக்கும் வந்ததில்லை, வளைவில் நீங்களெல்லாம் இறங்கி நடப்பீர்கள், நான் மட்டும் ஓட்டிக்கொண்டு மேலே வருவேன். கொஞ்ச நாளாக அம்மா ஒருத்தி உட்கார்ந்தாலே அதற்கு மூச்சு வாங்கியது. முழங்கால் போனபின் அவளால் அந்த நடை முடியவில்லை, கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அதற்கு நீ என்ன சொன்னாய்? வீட்டை வித்துட்டுக் கீழ ஃபிளாட் பாருங்கப்பா, அந்த டப்பாவை எடைக்குப் போடுங்க என்றாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

டப்பாவுக்கு டர்போ வைத்துவிட்டேன். பழைய வண்டி உடைக்கும் இடத்தில், இதே அளவு எஞ்சினிலிருந்து கழற்றியது. எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் பொருத்தும் இரும்பை மட்டும் லேத்துக்காரர் கடைந்து தந்தார், மற்றதெல்லாம் என் கை. அது எப்பேர்ப்பட்ட பொருள் தெரியுமா? ஒரே அச்சில் இரண்டு சின்ன விசிறிகள், அவ்வளவுதான். சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது கூடவே சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. போகிற புகையைக்கூடச் சும்மா விடமாட்டேன் என்று யோசித்தவன் எவனோ, அவனுக்கு ஒரு கும்பிடு.

முதல் நாள் தெருவே தெரியாத அளவுக்கு நீலப் புகை. லேத்துக்காரர், அண்ணே வண்டி ஓட்டுறீங்களா கொசு மருந்து அடிக்கிறீங்களா என்றார். டர்போ தேய்ந்தது என்று திட்டிக்கொண்டே கழற்றிக் கழற்றி மாட்டினேன். வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, டர்போவின் அச்சை நனைத்த எண்ணெய் எஞ்சினுக்குத் திரும்பும் குழாயைக் காட்டி, இது ஏன் மேல ஏறி இறங்குது, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு இப்படி வெச்சா தண்ணி போகுமா என்று கேட்டாள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நான்தான் வளைத்திருந்தேன், எண்ணெய் வடியாமல் தேங்கிப் புகைந்திருக்கிறது. நேராகக் கீழே இறக்கினேன், புகை நின்றது. அந்தக் கண்ணை என்னவென்று சொல்ல! ஆனாலும் நான் வளைத்த லட்சணம் லட்சணம்தான்.

நேற்று அவளைக் கடைக்கு அழைத்துப் போய்த் திரும்பினேன். வளைவு வந்ததும் அவள் கால் செருப்பைத் தேடியது, கை கதவுக்குப் போயிற்று, நிறுத்துங்க நிறுத்துங்க என்றாள். நான் மிதித்தேன். மெல்லிய விசில் ஒன்று கேட்டது, வண்டி ஏறிவிட்டது. வாசல் வரும்வரை அவள் கதவிலிருந்து கையை எடுக்கவேயில்லை. இறங்கி நின்று, பச்சை மிளகாய் மறந்துட்டேன், நாளைக்கு மறுபடி போகணும் என்றாள். பையைத் தூக்கி வந்தவன் நான், மிளகாய் மேலேயே கிடந்தது.

ஆகவே ஃபிளாட் பேச்சு இதோடு முடிந்தது. நீ வந்து ஓட்டும்போது ஒன்று ஞாபகம் வை, ஏற்றம் ஏறியதும் எஞ்சினைச் சட்டென்று அணைக்காதே, நின்றபடியே கொஞ்சம் ஓடி டர்போ ஆறட்டும். நீயும் வேலை முடிந்து வந்ததும் சற்று உட்கார். மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். அம்மா வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள், மிளகாய் வாங்கப் போகிறோம்.

இப்படிக்கு,
டப்பாவை விற்காத
உன் அப்பா