உன்னைத் தராசில் ஏற்றியவன் எழுதுவது

என் அன்பு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளாக ஒரு வரி எழுதாத தம்பி இன்று பேனாவை எடுத்திருக்கிறான் என்றால், ஏதோ தப்புச் செய்துவிட்டுத்தான் வந்து நிற்கிறான் என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய். தப்பு பழசுதான் அக்கா. ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

முதலில் சேதி. உன் மகள் கவிதாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உடல் எடையைக் குறைப்பதற்கான ஆபரேஷன். இருபத்தாறு வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. ஏனாத்தூரில் கல்லூரி ஆபீஸ் வேலை. மத்தியானமே நாற்காலியில் கண் அயர்ந்துவிடுகிறாளாம்.

"கல்யாணத்துக்கு இளைக்கணும்னுதானா கண்ணு?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"அதுக்கில்ல மாமா. ராத்திரி படுத்தா காலையில எழுந்திருப்பமான்னு பயமா இருக்குது" என்றாள்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். தாய்மாமன் சரி என்று சொல்லாமல் உன் வீட்டில் எதுதான் நடந்திருக்கிறது? அங்கே ஒரு டாக்டரம்மா, படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்களாம். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொன்றில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, குடலைக் கொண்டுவந்து அதோடு இணைப்பார்கள். சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அது கூடுதல் நல்லது, ஆனால் சத்துக் குறைவு வராமல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எடை குறைய ஊசி மருந்தும் உண்டு. கவிதா அதைப் போட்டுப் பார்த்துவிட்டாள், ஒத்துக்கொள்ளவில்லை.

சர்க்கரை கட்டுக்குள் வரலாம், மூச்சுத் திணறல் குறையலாம், முட்டிக்குப் பாரம் குறையும். கெட்டதையும் அவர் மறைக்கவில்லை. தையல் போட்ட இடம் கசியலாம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம். கொஞ்ச நாள் முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரலாம். ஒன்றரை வருஷத்துக்குப் பிள்ளை உண்டாகக் கூடாது. சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் தொடரும். இவ்வளவுக்குப் பிறகும் எடை திரும்ப ஏறலாம். உன் மகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "வாயைக் கட்டினா போதாதாம்மா?"

"கட்டித்தான் பாத்திருக்காங்க சார், அஞ்சு வருஷமா. எடை கொறஞ்சா உடம்பே பசியைக் கூட்டி, பழைய எடைக்கு இழுக்கும். இது சோம்பேறித்தனம் இல்ல" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். மூட்டு வலியில் நெசவுக்குத் தறிக்குழியில் இறங்க முடியாமல் போனபோது, நீயும் இதே மாதிரி ஒரு டாக்டர் சீட்டோடு என்னிடம் வந்தாய். "சென்னையில போயி ஒரு வாட்டி கேட்டுக்கினு வரலாம்டா தணிகா. கூட வரியா?" என்றாய். கேட்டுவரத்தானே கூப்பிட்டாய்? நான் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வயித்த அறுத்துக்கினுதான் இளைக்கணுமா? வாயைக் கட்டுக்கா" என்றேன். அதோடு விட்டேனா? உன் முட்டி வலி தீர, உன் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக முருகனுக்கு நானே வேண்டிக்கொண்டேன். சாமிமேல் குறை சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணை கேட்டவளைத் தராசுக்குக் கூட்டிப் போனவன் நான்.

கிருத்திகை அன்று சொந்தபந்தம் சுற்றி நிற்க, நீ தட்டில் உட்கார்ந்தாய். கண்ணளவில் நான் வாங்கி வந்த வெல்லம் போதவில்லை. உன் தட்டு தரையை விட்டு அசையவே இல்லை. எல்லாரும் சும்மா நிற்க, நான் வாயைத் திறந்தேன். "இன்னும் ரெண்டு மூட்டை எடுத்துக்கினு வாங்கப்பா, எங்க அக்கா லேசுல எழுந்துக்க மாட்டா!" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வெல்லம் வரும்வரை முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு தட்டிலேயே உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சென்னைப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் மாரடைப்பு வந்து போய்விட்டாய். ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாயா? அதை டாக்டரம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவுக்கும் எடை இருந்ததா, ஏதாவது வைத்தியம் பார்த்தார்களா என்று அவர் விசாரித்தார். "அம்மாவுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது டாக்டர். தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்க" என்றாள் கவிதா. பக்கத்திலேயே இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனை பேருக்கு நடுவில் கேலி பேசிய வாய் இது!

அதற்குப் பிறகும் மூன்று வாரம் மறைத்தேன். நேற்று வீட்டுக்கு வந்து, "வெள்ளிக்கிழமை அம்மா இடத்துல நீ நில்லு மாமா" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. நீ கொண்டுவந்த சீட்டையும் கோயிலில் நான் பேசியதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அன்று அவள் கோயிலுக்கு வரவில்லை, வேலைக்குப் போயிருந்தாள்.

"அம்மா சிரிச்சதை நம்பிட்டியா?" என்றாள். "அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப கதவைச் சாத்திக்கினு அழுதுக்கினு இருந்துச்சு. என்னம்மான்னா ஒண்ணுமில்லன்னுச்சு. சாகற வரைக்கும் உன்னைக் காட்டிக் குடுக்கல."

போகும்போது வாசலில் திரும்பி, "வெள்ளிக்கிழமை வா மாமா. ஆனா அம்மா இடத்துல நிக்காத. வெளிய நில்லு" என்றாள்.

நிற்பேன் அக்கா. அவள் கூப்பிட்டால் உள்ளே போவேன், கூப்பிடாவிட்டால் வெளியிலேயே இருப்பேன். இனி அவள் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் துணைக்கு வருகிறேன் என்று நானே போய்க் கேட்பேன். இது சத்தியம். உன்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய்.

நீ காட்டிக் கொடுக்காத தம்பி,
தணிகாசலம்
சின்ன காஞ்சிபுரம்