இரண்டு வீட்டுக்கும் மூவாயிரம்

13 டிசம்பர் 2003, சனி

காலையில் நான் வீட்டு வேலை செய்யும் சங்குக் கடை முதலாளியின் வீட்டுக்குக் கணக்கெடுப்புக்காரர் வந்தார். வருமானம் கேட்டார். "ஈ ஓட்டிகினு கீறோம் சார். மாசம் மூவாயிரம் வந்தாலே பெருசு" என்றார் முதலாளியம்மா. அவருக்குக் காபி கொடுத்துவிட்டு முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நேற்றுதான், ஒரே ஒரு வெள்ளைக்காரர் கடையில் அதற்கு மேல் வாங்கிப் போனதாக முதலாளியம்மாவே போனில் சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் அதே ஆள் எங்கள் குப்பத்துக்கும் வந்தார். அப்பாவுக்கு மீன்பிடித்து எவ்வளவு வரும் என்று கேட்டார். அம்மா யோசித்து, "மூவாயிரம் வரும் சார்" என்றாள். அது நிஜம். அவர் எழுதியதும் இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன.

பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "காலைல காபி குடுத்த பொண்ணுதானே? அங்க இன்னா சம்பளம்?"

எண்ணூறு என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "சம்பளம்லாம் இல்ல சார். சும்மா ஒத்தாசைக்குப் போவுது."

வருமானம் இல்லை என்று என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு போனார்.

நான் அம்மாவையே பார்த்தேன். "இன்னாடி மொறைக்கிற? மூவாயிரம் சம்பாதிக்கிற வூட்ல வேலக்காரி எப்டினு அவன் கேக்க மாட்டானா? அவங்க மாட்டிக்கினா ஒன்னத்தான் தொரத்துவாங்க."

அம்மா பொய் சொல்லி இன்றுதான் பார்க்கிறேன். அதையும் அவர்களுக்காகச் சொன்னாள்.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியதே அந்த எண்ணூறுக்காகத்தான்.