வெளிக்கதவில் ஒரு வாதம்

நாள் 212, 08:10
யூரோப்பா பனி நிலையம். வழக்கமான பதிவு. ஆட்கள் இருவர்: பொறியாளர் ரெஜினா, தத்துவ அதிகாரி வன்னியப்பன், அதாவது நான். ஆக்சிஜன் மெஷின் நேற்றே படுத்துவிட்டது. புது வால்வு எடுக்க ரெஜினா பழைய கிடங்குக்குப் போயிருக்கிறாள்.

இதைப் படிப்பவர், இங்கே தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டாயிற்று! வெளியே போகப் போட்டுக்கொள்ளும் இந்த நடைக்கவசம், அணிந்தவர் வழியில் செத்தாலும் தானே நடந்து நிலையத்துக்குத் திரும்பும். நிலையத்தில் கேட்ட பேச்சையெல்லாம் வைத்து அவர் குரலிலேயே பேசும். வேறொரு நிலையத்தில் பிணத்துக்குக் கதவு திறந்து, காற்றை இழந்து நாலு பேர் போனார்கள். அதன் பிறகுதான் வாசலில் கேள்வி கேட்க எங்களை வைத்தார்கள். விதி இது: எதிர்க்கட்சியை, அதாவது எதிர்த்தரப்பு வாதத்தை, அதன் முழு பலத்தோடு நாங்கள் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். வெளியே நிற்பவர் அது சரியான வாதம்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அவர் மறுப்புச் சொல்லலாம். மறுப்பு நின்றால்தான் கதவு திறக்கும்.

14:25
கவசம் வந்துவிட்டது. முகக்கண்ணாடி முழுக்கப் பனி. உடல்நிலைக் கருவி வேலை செய்யவில்லை. குரல் மட்டும் வருகிறது.

"அண்ணே, பள்ளத்துல விழுந்துட்டேன். வால்வு கெடச்சிருச்சு. தொறங்க."

ஒருமுறை திறந்தால் மீட்புக் கப்பல் வருவதற்குள் காற்று தீர்ந்துவிடும். அவள் உயிரோடு இருந்தால் மெஷினைச் சரிசெய்வாள், இருவரும் பிழைப்போம். இல்லையென்றால் நானும் காலி.

14:40
அவள் செத்துவிட்டாள் என்ற கட்சியை எடுத்துவைத்தேன். நினைவு, கிண்டல், கெஞ்சல் எல்லாம் கவசமும் செய்யும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

"யப்பா! நானே செத்துட்டேனோன்னு இருக்கு. சரி, ஒத்துக்கிடுதேன். இப்பவாவது தொறங்க."

மறுப்பு கேட்டேன்.

15:02
தூத்துக்குடியில் அவள் அம்மா சுடும் மக்ரூனைப் பற்றிக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். ஆனால் கவசத்துக்கும் தெரியுமே, சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சுதானே! எதைச் சொன்னாலும் என் கட்சி விழுங்கிவிடுகிறது. சே, இவ்வளவு கெட்டியாகவா கட்டுவேன்!

15:11
"அண்ணே, வாதாடத் தெம்பில்ல. மூச்சு முட்டுது. பயமா இருக்கு. தொறங்கண்ணே."

இது மறுப்பு அல்ல என்று பதிந்தேன்.

15:16
உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே எழுதுகிறேன். சந்தேகம்தான் தத்துவத்தின் கருவி என்று பத்து வருடம் பாடம் நடத்தியவன் நான். எந்தப் பதில் வந்தால் திறப்பாய் என்று இப்போது என்னையே கேட்டேன். அப்படி ஒரு பதிலே இல்லை. அப்படியென்றால் இவ்வளவு நேரம் நான் கேட்டது கேள்வியே இல்லை. எனக்குச் சாகப் பயம், அவ்வளவுதான். அதற்குப் போய்த் தத்துவம் என்று பெயர் வைத்தேன்.

15:29
ரெஜினா என்று கத்திப் பார்த்தேன். பதினெட்டு நிமிடமாகச் சத்தமே இல்லை. கவசத்தின் குரல் எதற்கு ஓய வேண்டும்? பேட்டரி இருக்கும்வரை அது ஓயாதே!

திறக்கிறேன்.

15:38
கவசத்தின் பேட்டரி அறுபத்தொன்று சதவீதம். ஆக்சிஜன் பூஜ்யம். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுத்தில் இன்னும் சூடு இருக்கிறது.

வால்வைக் கையில் இறுகப் பிடித்திருக்கிறாள். இதை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.