முகாம் நிலத்தில் கூடாரம்

அனுப்புநர்:
வேசுவா ஹெங்காரி,
முகாமிலிருந்து மீண்டோர் வழிவந்தோர் குழு,
சாண்ட்ஹோக், நமீபியா.

பெறுநர்:
மாண்புமிகு ஜாஃபெத் கவெசேரி அவர்கள்,
நகரத் தலைவர்,
சாண்ட்ஹோக் நகராட்சி.

பொருள்: வதைமுகாம் இருந்த கடல்முனையைச் சுற்றுலாக் கூடாரங்களுக்குக் குத்தகை விட்டதை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜெர்மானியர் ஆட்சியில் நம் ஹெரேரோ மக்களை அடைத்து, பட்டினியிலும் கடற்குளிரிலும் சாகவிட்ட முகாம் அந்தக் கடல்முனையில்தான் இருந்தது என்பதைத் தங்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. அதிலிருந்து உயிரோடு மீண்டவர்களின் கொள்ளுப்பேத்தி நான்; தாங்கள் கொள்ளுப்பேரன். மீளாதவர்கள் இன்னும் அங்கேயே மணலுக்கடியில் கிடக்கிறார்கள்.

2. தேர்தலுக்கு முன் தாங்கள் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, கடல்முனையில கெடக்குற நம்ம பெரியவங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஜெயிச்சேன்னா அந்த எடத்துல ஒரு பய காலை வைக்க விடமாட்டேன்" என்றீர்கள். புதிதாக வருபவருக்காக நீரை வாயில் ஏந்தி மணலில் தெளித்து, இன்னார் இன்ன காரியமாக வந்திருக்கிறார் என்று இறந்தவர்களிடம் சொல்வது நம் வழக்கம். சொல்பவரே அவருக்குப் பிணை. தங்களுக்காக நான் சொன்னேன். தாங்கள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

3. சென்ற ஆண்டு நகராட்சி அங்கே கம்பிவேலி போட்டது. தம்பி வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று பூரித்துப்போய் ஆடு அறுத்துச் சமைத்தோம். அந்த வேலிக்காக மணலில் மண்டியிட்டு முன்னோருக்கு நன்றி சொன்னதும் நான்தான். வேலி யாருக்கென்று கேட்கத் தோன்றவில்லை. நம்மவர் போட்ட வேலியாயிற்றே.

4. இந்த ஆண்டு அவர்களின் நினைவுநாளில் நம் வழக்கப்படி சிவப்பு உடையும் மாட்டுக்கொம்பு வடிவத் தலைப்பாகையுமாகப் போய் நின்றால், வாசலில் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். "சீட்டு வாங்கினாத்தாம்மா உள்ள விடுவேன். செத்தவங்க சொந்தக்காரங்கன்னு தள்ளுபடியெல்லாம் கெடையாது" என்றார் காவலாளி. உள்ளே, புதைமேட்டின் மேல் முளையடித்துக் கூடாரம் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று மீன் சுட்டுக்கொண்டிருந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் பதறி அடுப்பை அணைத்துவிட்டாள்.

தங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஊருக்குப் பொழப்பு வேணாமாக்கா? செத்தவங்க என்ன, வாடகையா கேக்குறாங்க?" என்று சிரித்தீர்கள். வேலியே பயிரை மேய்ந்த கதையை அதுவரை பிறர் வீட்டுச் சங்கதியாகத்தான் கேட்டிருந்தேன்.

5. அயலான் செய்திருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருப்பேன். தாங்கள் செய்ததால் வெளியில் தலைகாட்டவே வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து கடல்முனைப் பக்கம் நான் போகவில்லை. மணலுக்கடியில் கிடப்பவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

ஆகவே, குத்தகையை ரத்து செய்து, கூடாரங்களை அகற்றி, அடுத்த நினைவுநாளில் எங்களைச் சீட்டில்லாமல் உள்ளே விடுமாறு வேண்டுகிறேன். அது இயலாதெனில், தாங்களே அங்கு வந்து, நீர் தெளித்து, செய்ததைத் தங்கள் வாயாலேயே அவர்களிடம் சொல்ல வேண்டும். பிணை நின்றவள் என்ற முறையில் நானும் பக்கத்தில் வந்து நிற்பேன். இந்த முறை தங்களுக்காகப் பேச மாட்டேன்.

இடம்: சாண்ட்ஹோக்
நாள்: 14.06.2023

தங்களை நம்பியவள்,
(ஒப்பம்)
வேசுவா ஹெங்காரி