சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணனுக்கு

என் பிரியமுள்ள அண்ணே,

உன்னை அண்ணே என்று கூப்பிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நீ இருந்தவரை கூப்பிட வாய் வரவில்லை. நீ போய் நாலு மாதம் கழித்து, பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். இதை நம் சபைக்காரர்களும் தெருக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மறைத்து வைத்தது போதும்.

கடலூர் துறைமுகத்தில் பிறந்த நமக்கு மலை ஏது, சொல்லு. கிழக்கே கடல். மேற்கே, கேப்பர் மலை என்று பேர் வைத்திருக்கிற செம்மண் மேடு. ஆனால் நம் வீட்டில் எப்போதும் மலையைப் பற்றித்தான் சண்டை. நீ பழைய தேவாலயத்தில் வேதம் வாசிக்கிறவன். நான் போட் இன்ஜின் மெக்கானிக், ஜெபக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தவன். விசுவாசம் கடுகளவு இருந்தால் மலை நகரும் என்கிற வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மலை என்றால் தடை. அதட்டினால் போய்விட வேண்டியது.

நீ சிரிப்பாய். "வேதத்துல மலை அது ஒண்ணுக்குத்தானாடா? ஊரச் சுத்தி மலை நிக்கிற மாதிரி கர்த்தர் நிக்கிறார்னும் எழுதியிருக்கு. கட்டளை குடுக்கவும் அவர் மலைக்குத்தான் கூப்பிட்டார். மலைய போன்னு சொல்றதுக்கு மட்டும் இல்ல தம்பி, ஏறிப் போறதுக்கும் தான்."

அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத் தெரிந்தது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே ஆபரேஷன் பண்ணினால் பிழைப்பார் என்றார் டாக்டர். நீ ஆபீசில் லீவு சொல்லி, அட்மிஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்தாய். நான் மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கத்தி படக்கூடாதும்மா. மலை தானா போயிடும்" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு உன்னிடம், "சின்னவன் இவ்ளோ சொல்றான்ல, கொஞ்ச நாள் பாக்கலாம்டா" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு மாதம் ஆனது. வலி பொறுக்காமல் அம்மா கத்திய காலையில் நீதான் கார் பிடித்தாய். நான் முன்சீட்டில் இருந்தேன். அம்மாவின் தலை உன் மடியில். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்ளோ லேட் பண்ணீங்க?" என்று உன்னைத்தான் கேட்டார். தம்பிதான் காரணம் என்று நீ சொல்லியிருக்கலாம். "தப்பு நடந்துபோச்சு சார்" என்றாய்.

அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம் கழித்து ஹாலோபிளாக் கல் வந்து இறங்கியது. அப்பா கட்டிய வீட்டை இரண்டாகப் பிரித்துக் கூரைவரை சுவர் எழுப்பினாய். நீயும் அண்ணியும் உங்கள் பையனும் அந்தப் பக்கம். கல்யாணம் ஆகாத நான் இந்தப் பக்கம். ஒரு திட்டு இல்லை, ஒரு அடி இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அண்ணே.

அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து நான் வேதத்தில் இருக்கிற மதில்களையெல்லாம் தேடிப் படித்தேன். ஏழு நாள் சுற்றி வந்ததும் இடிந்து விழுந்த மதில் ஒன்று. எரிந்துபோன கல்லைப் பொறுக்கி எடுத்து, அழுதுகொண்டே திரும்பக் கட்டிய மதில் ஒன்று. இரண்டு கூட்டத்தைப் பிரித்து வைத்திருந்த நடுச்சுவர் ஒன்று, அது தகர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. எல்லா மதிலும் விழ வேண்டியதில்லை, காப்பதற்கென்று நிற்கிற மதிலும் உண்டு என்று அப்போதுதான் புரிந்தது. நம் சுவர் எந்த வகை? உன்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? ஒருவேளை அது என்மேல் கை ஓங்காமல் இருக்க நீ உனக்கே போட்டுக்கொண்ட வேலியோ?

ஒவ்வொரு விடியற்காலையும் அந்தப் பக்கத்திலிருந்து நீ வேதம் வாசிக்கிற சத்தம் கேட்கும். நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டுச் சுவரோரம் வந்து உட்காருவேன். நீ முடித்ததும் ஆமென் என்பேன், சத்தம் வராமல். டீ ஆறிப்போயிருக்கும். ஒரு நாளில் எனக்கென்று இருந்த மனிதக் குரல் அது ஒன்றுதான்.

மூச்சுத் திணறல் என்று உன்னை சிதம்பரத்துக்குக் கொண்டுபோனதை அண்ணிதான் சொன்னார். இப்போது சொல்கிறேன், யாருக்கும் தெரியாது. நான் இரண்டு நாள் வந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த கடலூர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அம்மாவைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி. அந்த வாசப்படியில் உன் முகத்தைப் பார்க்க தைரியம் இல்லை. மூன்றாம் நாள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "தம்பி, அவுங்க போயிட்டாங்க" என்றார் அண்ணி.

நீ என்னைக் கேட்டாயா? அண்ணியிடம் இதைக் கேட்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு அண்ணி தானாக ஒன்று சொன்னார். "முன்னெல்லாம் அவுங்க மனசுக்குள்ளதான் வாசிப்பாங்க தம்பி. சுவர் எழுப்பின பிறகுதான் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஏன் இப்படி ஜாஸ்தி சத்தம், பையன் தூங்குறான்னு கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் காதுல விழணும்னாங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கடற்கரையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

சுவரை எடுத்துவிடலாம் என்று அண்ணியே சொன்னார். கொத்தனார் வந்து மேலே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இத எடுத்தா ரெண்டு பக்க கூரையும் உக்காந்துரும் சார். பழைய உத்தரம் தொய்ஞ்சு இப்ப பாரம் பூரா இதுமேலதான் இருக்கு. வேணும்னா ஒரு வாசல் வெட்டித் தரேன்." வெட்டினார். இரண்டு வாரம் அண்ணி அந்த வாசல் வழியாகக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பையன் வந்து தான் வேலை பார்க்கிற கோயம்புத்தூருக்கு அவரைக் கூட்டிப்போய்விட்டான். இப்போது வாசல் திறந்தே கிடக்கிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. உன் அலமாரியைத் துடைத்து வைக்கிறேன். வேறென்ன செய்ய?

இன்னொரு சேதி. மீன் விற்கிற ரோஸிக்கு மார்பில் கட்டி. போன ஞாயிறு ஜெபக்கூடத்தில் அவளை நடுவில் உட்காரவைத்து, மலை விலகட்டும் என்று என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று அம்மாவின் கதையைச் சொன்னேன். என் வாயால் முதல்முறையாக, ஒன்று விடாமல். கடைசியில் ஒருவர், "அப்ப ஜெபமே வேணாங்கிறீங்களா பிரதர்?" என்றார்.

"வேணும். பஸ்ல போய்க்கிட்டே பண்ணலாம்" என்றேன்.

அதன்பிறகு அங்கே யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். மறுநாள் ரோஸி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் வாசலில் நின்றாள். "எனக்குன்னு யாரும் இல்ல. நீங்க கூட வருவீங்களா?" என்றாள். புதன்கிழமை சிதம்பரத்துக்கு, அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாமதம் ஆகவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். சம்மதப் படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. ரோஸியைப் பார்த்தேன். தலையாட்டினாள். அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்து அவள் பேசுகிறவரை அந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் குரலுக்குக் காத்திருந்த,
உன் கூடப்பிறந்த தம்பி
செல்வராஜ்