இரண்டு கையெழுத்து

சோழபுரம்,
இராஜபாளையம் வழி.

அன்பு மகள் பாண்டிசெல்விக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாகத்தான் இருக்கிறோம், அந்தக் குளிரில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் நீயும் நலமாக இருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் கல் உடைக்கும் கிரஷர்காரரோடு மோத வேண்டாம், வழக்கை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஜெர்மனிக்கே வந்துவிடுங்கள் என்று போனில் அழுதாய். பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்று எழுதுகிறேன்.

இதைத் தொடங்கி வைத்ததே நீதான் தாயி. நீ இப்போது இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் திராட்சை போடும் சம்சாரிகள் அணு உலை வரவிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடுத்ததையும், அப்படிப்பட்ட கூட்டங்கள் பல சேர்ந்து பச்சைக் கட்சி ஆனதையும், அதற்கு இரண்டு தலைவர்கள், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் நீதானே சொன்னாய். அப்போது கிரஷர்மேல் வழக்குப் போட்டுச் சேர்ந்த நாங்கள் என்னை ஒரே தலைவராக்கி என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தோம். உன் அம்மா அதைக் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள். இனி நானும் அவளும் தலைவர்கள், வழக்கு சம்பந்தமாக எதற்கும் இரண்டு கையெழுத்து, அதுவும் கூட்டத்தில் கை தூக்கிய பிறகுதான் என்று எழுத வைத்தாள். கண்மாய்க் கட்சி என்று ஊர் கேலி பேசியது, அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போனபோது கிரஷர்காரர் என்னை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வழக்கை வாபஸ் வாங்குங்க அண்ணாச்சி, எம்புட்டு ஆழம் போனாலும் தண்ணி வார வரைக்கும் ஒங்க தோட்டத்துல போர் போட்டுத் தாரேன் என்றார். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு மனசு ஆடிவிட்டது. இரண்டு கோடையாக நம் கொய்யா காய்ந்து கிடப்பதை நீ பார்க்கவில்லை. பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். தாளில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. என் கையெழுத்து மட்டும் செல்லாது என்று திருப்பிக் கொடுத்தேன். அப்ப யாருதான்யா ஒங்க தலைவரு என்று எரிந்து விழுந்தார். கூட்டத்தில் வந்து கேளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், பேனா வாங்குனதையும் சேத்துக் கூட்டத்துல நீங்களே சொல்லுங்க என்றாள் உன் அம்மா. அறுபது பேர் முன்னால் வெட்கத்தோடு சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் தலைவர் மாற வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அங்கே பச்சைக் கட்சியில் இந்த மாதிரி முறையைப் பின்னால் கைவிட்டார்கள் என்றாயே, நாங்கள் விடமாட்டோம். உன் அம்மாவுக்கு முன்பே தலைவரானவன் என்பதால் அடுத்த மாதம் நான் இறங்கி, என் இடத்துக்கு நம் கூட்டத்து முத்துராமலிங்கம் வருகிறார். கிரஷர்காரர் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, லீவு கிடைத்ததும் வந்துவிடு. நாங்கள் அங்கே வருவதாக இல்லை. இது நான் ஒருவன் எடுத்த முடிவென்று நினைத்து மறுபடி போனில் அழாதே, கீழே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஐயாதுரை
அழகுத்தாய்